சுவரில் படம், கையில் கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு, கூட்டத்தில் ஸ்லைடு போட்டுப் பேசுவதில் உள்ள நன்மையும் குறையும். இதைப் போய் ஒரு தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்களே என்று சிலர் சிரித்தீர்கள். காரணம் இருக்கிறது. இதுவரை பொதுக்குழுவில் வரவு செலவை நோட்டைப் பார்த்து வாசித்து வந்தோம். இனிமேல் புரொஜெக்டர் வைத்துத் திரையில் காட்டிவிடலாம், நேரம் மிச்சமாகும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நம்ம பணம் எவ்வளவு இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எவ்வளவு திரும்பி வரவேண்டும் என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற கேள்வி இது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஸ்லைடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லுதேன்.

படத்தைக் காட்டிக் கதை சொல்வது நமக்குப் புதிதில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் சித்திர சபையைப் பார்த்திருப்பீர்கள். நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் அது ஒன்று. மற்ற இடங்களில் சிலையாக இருக்கும் நடராசர் அங்கே ஓவியமாக இருக்கிறார். சுற்றுச் சுவர் எல்லாம் புராணக் கதைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி கூட பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது இன்ன சாமி, இது இன்ன கதை" என்று கைகாட்டிச் சொல்லிவிடுவாள். பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் அந்தச் சுவருக்கு முன்னால் எவ்வளவு நேரமும் நிற்கலாம். படம் எங்கும் ஓடிப் போகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்லுகிறேன்.

இப்போது நாம் பார்க்கும் கம்ப்யூட்டர் ஸ்லைடுக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் ஆகிறது. பவர் பாயிண்ட் என்ற மென்பொருள் 1987-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் கம்பெனி அதை வாங்கிவிட்டது. அலுவலகத்தில் மேலதிகாரிகளுக்கும் வியாபாரத்தில் வாடிக்கையாளர்களுக்கும் சுருக்கமாக விஷயத்தை எடுத்துச் சொல்லத்தான் அதை அதிகம் பயன்படுத்தினார்கள். பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் கமிட்டி, நம்ம பயிற்சிக் கூடம் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. இப்போது கையில் இருக்கும் செல்போனிலேயே ஸ்லைடு தயார் செய்யலாம்.

முதலில் அதன் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாததைக் காட்டி விளங்க வைக்கலாம். மிளகாய்ச் செடியில் இலை சுருண்டு போகிறது என்று அரை மணி நேரம் பேசுவதை விட, அந்த இலையைத் திரையில் பெரிதாகக் காட்டினால் போதும். பின் வரிசையில் இருந்து, "எங்க வயல்லயும் இதே மாதிரிதான் இருக்கு" என்று குரல் வரும். நம்ம பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் போடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். முதல் தரக் காய் எது, கழித்துக் கட்டும் காய் எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவளுக்கும் சட்டென்று விளங்கும்.

இரண்டு, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டலாம். நூறு பேர் இருக்கும் கூட்டத்தில் ஒரு பேங்க் பாரத்தை எல்லோருக்கும் எப்படிக் காட்டுவது? திரையில் போட்டால் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஏமாற்றுக்காரன் செல்போனுக்கு அனுப்பும் மெசேஜ் எப்படி இருக்கும் என்று காட்டலாம். மசாலாப் பொடி, ஊறுகாய் செய்து விற்கிறவர்களுக்கு, பாக்கெட் லேபிளில் 14 இலக்கம் உள்ள உணவுப் பாதுகாப்பு எண் எங்கே இருக்க வேண்டும், தயாரித்த தேதி எங்கே இருக்க வேண்டும் என்று காட்டலாம். இதற்கெல்லாம் ஸ்லைடு மாதிரி வசதி வேறு இல்லை.

மூன்று, பேசுகிறவளுக்குத் தைரியம் கொடுக்கும். மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண்கள் நம்மில் இருக்கிறார்கள். எல்லாக் கண்ணும் தன்னையே பார்க்கிறது என்ற பயம்தான் அதற்குக் காரணம். திரையில் படம் வந்தால் கண் எல்லாம் அங்கே போய்விடும். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதும் படத்தைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். முதல் தடவை மேடை ஏறுகிறவளுக்கு இது ஒரு கைத்தாங்கல். அதைக் குறைவாக நினைக்கக் கூடாது.

நான்கு, செலவு குறைவு. ஒரு தடவை செய்து வைத்தால் பத்து ஊரில் காட்டலாம். புரொஜெக்டர் இருந்தால் வெள்ளை வேட்டியைக் கட்டிக் கூட காட்டிவிடலாம்.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை, ஸ்லைடு நமக்காகக் காத்திருக்காது. சித்திர சபைச் சுவர் மாதிரி நிற்காமல், பேசுகிறவர் பட்டனை அழுத்தினால் போய்விடும். நாம் முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் மூன்றாவது ஸ்லைடு வந்திருக்கும். ஒரு பயிற்சியில் பக்கத்தில் இருந்த மதினி என்னிடம், "எழுத்து ஓடுதுட்டி, நான் எதைப் பிடிக்க?" என்று கேட்டார். அவர் ஐந்தாம் வகுப்பு படித்தவர். படிக்கவே தெரியாத ஆச்சிகளுக்குத் திரை என்பது வெறும் வெளிச்சம். ஆனால் பணம் அவர்களுடையதும்தான்.

இரண்டாவது, ஸ்லைடு நாம் உட்காரும் விதத்தையே மாற்றிவிடுகிறது. நம்ம குழுக் கூட்டத்தில் வட்டமாக உட்காருகிறோம். வட்டத்தில் முதல் இடமும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. ஒருத்தி முகம் சுணங்கினால் எதிரே இருக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். "என்னக்கா, ஏதோ சொல்ல வாரீக?" என்று கேட்டுவிடுவாள். ஸ்லைடு போட்டால் வரிசையாக உட்கார வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும். நாம் பார்ப்பது முன்னால் இருக்கிறவளுடைய கொண்டையைத்தான். இருட்டில் எழுந்து கேள்வி கேட்க யாருக்கு மனம் வரும்?

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறோம். அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர், "ஆமா" என்று சொல்வார், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் கதை நகரும். ஸ்லைடுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. பேசுகிறவரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் உள்ளதை அப்படியே வாசிப்பார். கடைசியில் விளக்கைப் போட்டு, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். எல்லோரும் "இல்லை" என்போம்.

மூன்றாவது குறைதான் எல்லாவற்றிலும் பெரியது. சுருக்கிச் சொல்லும்போது முக்கியமானது விடுபட்டுப் போகும். மூன்று கணக்குகள் சொல்லுகிறேன், மனதிலேயே போட்டுப் பாருங்கள்.

திரையில், "கடன் 10,000 ரூபாய், 10 மாதம், வட்டி மாதம் 1 சதவீதம்" என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் வட்டி முழுத் தொகைக்கா, மீதி நிற்கும் தொகைக்கா என்பது அந்த வரியில் இல்லை. முழுத் தொகைக்கு என்றால் மாதம் 100 ரூபாய், பத்து மாதத்துக்கு 1,000 ரூபாய் வட்டி. மாதம் ஆயிரம் அசலாகக் கட்டி, குறைந்து வரும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால் முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, பிறகு 80 என்று இறங்கி, மொத்தம் 550 ரூபாய்தான். 450 ரூபாய் வித்தியாசம். திரையில் ஒரே வரி, அதற்குள்ளே இரண்டு கணக்கு. பீடி சுற்றுகிறவளுக்கு 450 ரூபாய் சம்பாதிக்க எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, "திருப்பிச் செலுத்துதல் 95 சதவீதம்" என்று ஒரு ஸ்லைடு. உடனே கை தட்டுவோம். கொடுத்திருந்த கடன் 20 லட்சம் என்றால், வராமல் நிற்கும் 5 சதவீதம் எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய். பத்துப் பெண்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம் கடன் கொடுக்கலாம். அது எந்தக் குழுவில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று நாம் பேச வேண்டிய இடமே அதுதான். கை தட்டலில் அது காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவது, கோடு கோடாக நிற்கும் வரைபடம். போன வருஷச் சேமிப்பு 52,000, இந்த வருஷம் 54,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பூஜ்யத்தில் இருந்து கோடு போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். கீழே 50,000-இல் இருந்து தொடங்கிப் போட்டால் இந்த வருஷக் கோடு போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். யாரும் பொய் எழுதவில்லை. தென்னை மரத்தின் அடியை மறைத்துவிட்டு உச்சியை மட்டும் காட்டியது மாதிரிதான். அதனால் படத்தில் உயரத்தைப் பார்க்காமல் ரூபாயைப் பாருங்கள்.

இதெல்லாம் கிராமத்துப் பெண்களுக்குத்தான், படித்தவர்களுக்கு வராது என்று நினைக்காதீர்கள். கல்பனா சாவ்லா பெயர் நமக்குத் தெரியும். ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்து விண்வெளிக்குப் போனவர். வீரத்துக்கும் துணிவுக்கும் நம்ம தமிழக அரசு சுதந்திர தினத்தன்று பெண்களுக்கு வழங்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் போன கொலம்பியா விண்கலம் 2003 ஜனவரி 16 அன்று கிளம்பியது. கிளம்பி ஒன்றரை நிமிடம் ஆவதற்குள், எரிபொருள் தொட்டியில் ஒட்டியிருந்த நுரைப் பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டு இருக்கும்போதே, இதனால் ஆபத்து வருமா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, முடிவை மேலதிகாரிகளுக்கு ஸ்லைடாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி இருந்தது. ஆனால் அடியில், பொடி எழுத்தில், ஒரு வரி இருந்தது. சோதனை செய்து பார்த்த துண்டை விட, இறக்கையில் மோதிய துண்டு மிகப் பெரியது என்பதுதான் அந்த வரி. அதில் இருந்த எண்களை வகுத்துப் பார்த்தால் 640 மடங்கு வருகிறது. அதாவது, அந்தச் சோதனையை நம்பி முடிவு எடுக்கவே முடியாது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதறியது. கல்பனாவோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர் இறந்து போனார்கள். ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இறக்கையில் விழுந்த ஓட்டைதான் காரணம், நிர்வாகத்திலும் பல கோளாறுகள் இருந்தன. ஆனால் விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் அந்த ஸ்லைடையே அச்சிட்டுக் காட்டி, அதைப் படிக்கும் ஒரு மேலதிகாரிக்கு, இது உயிர் போகிற விஷயம் என்று தெரியாமலே போயிருக்கலாம் என்று எழுதியது. முழு அறிக்கையாக எழுத வேண்டியதை ஸ்லைடாகச் சுருக்குகிற பழக்கத்தையும் கண்டித்தது. ராக்கெட் விடுகிற இடத்திலேயே அடிவரி கண்ணில் படாமல் போயிருக்கிறது என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்று ஒரு அமைப்பு. சென்னையில் பிறந்த அருணா ராய் அம்மா இன்னும் சிலரோடு சேர்ந்து 1990-இல் தொடங்கியது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஜனங்களைக் கூட்டி, அரசு வேலைக்குக் கூலி கொடுத்த கணக்கை ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார்கள். அந்த மாதிரிக் கூட்டங்களில்தான், செத்துப் போனவர் பெயரில் கூலி எழுதியிருப்பதும், வேலைக்கே போகாதவர் பெயரில் பணம் எடுத்திருப்பதும் வெளியே வந்தது. கண்டுபிடித்தவர்கள் பலர் எழுத்தே தெரியாதவர்கள். காதால் கேட்டே கண்டுபிடித்தார்கள். நூறு நாள் வேலையில் சமூகத் தணிக்கை என்று கணக்கு வாசிக்கும் முறை வந்ததே, அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் அந்தப் போராட்டம் ஒரு காரணம்.

நம்ம பக்கமும் ஒரு முறை உண்டு. கிராமத்தில் வறுமை நிலை கணக்கெடுக்கும்போது நடுத்தெருவில் கோலப்பொடியால் ஊர்ப் படம் போடுவார்கள். தெரு, கிணறு, கோயில், வீடு எல்லாம் வரைந்து, ஆள் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை வைப்பார்கள். சுற்றி நிற்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "ஏளா, அந்த வீடு அங்கன இல்ல, ஓடைக்கு அந்தப் பக்கம்" என்று ஒருத்தி சொல்வாள், குனிந்து அவளே அழித்துப் போடுவாள். அந்தப் படத்தை யாரும் திருத்தலாம். ஸ்லைடைத் திருத்த உட்கார்ந்திருக்கிறவளால் முடியாது, பட்டன் யார் கையில் இருக்கிறதோ அவர்களால்தான் முடியும்.

1989-இல் தர்மபுரியில் தொடங்கியதாகச் சொல்லும் நம்ம தமிழ்நாட்டுக் குழுக்கள் இத்தனை வருஷம் நிலைத்து நிற்கக் காரணம், ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு என்ற ஐந்தும்தான். கணக்கு என்றால் நோட்டில் இருந்தால் மட்டும் போதாது, உறுப்பினர் மனதிலும் இருக்க வேண்டும். எனவே என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் வரட்டும். ஆனால் அதோடு கீழே சொல்லும் ஏழும் வரட்டும்.

1. பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வரவு செலவுத் தாள், பெரிய எழுத்தில், தமிழில், ஒவ்வொரு குழுவுக்கும் வந்து சேர வேண்டும். குழுக் கூட்டத்தில் அதை வாசித்துக் கேள்வியோடு வர வேண்டும்.

2. திரையில் வரும் ஒவ்வொரு தொகையையும் நிறுத்தி, இரண்டு தடவை வாயால் வாசிக்க வேண்டும்.

3. சதவீதம் சொன்னால் பக்கத்திலேயே ரூபாயும் இருக்க வேண்டும். வட்டி சொன்னால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். வரைபடம் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

4. விளக்கை அணைக்கக் கூடாது. மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும்.

5. "சந்தேகம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காமல், ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் குழுவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

6. ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் மேசை மேல் திறந்தே இருக்க வேண்டும். தீர்மானம் கையால் எழுதி, வாசித்து, பிறகுதான் கையெழுத்து. திரையில் பார்த்ததற்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

7. ஸ்லைடு செய்கிறவர்கள் தமிழை யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாக வந்து நிற்கும். கரண்ட் போனாலும் கூட்டம் நிற்காதபடி தாள் கையில் இருக்கட்டும்.

நேரம் மிச்சமாகாதே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஒரு மணி நேரம் கூட ஆகும். வருஷத்துக்கு ஒரு நாள், நம்ம சேமிப்பை நாமே எண்ணிப் பார்க்கும் நாள் அது. மார்க்கெட்டில் காயை நிறுக்கும்போது தராசு முள் நிற்கும் வரைக்கும் கண் எடுக்காமல் நிற்கிறோம். கணக்குக்கும் அப்படி நிற்போம்.

பயிற்சிக்குப் படம் காட்டுங்கள், இன்னும் நிறையக் காட்டுங்கள். நம்ம பெண்களே செல்போனில் படம் எடுத்து ஸ்லைடு செய்து பேசட்டும். கணக்கு என்று வரும்போது மட்டும், சுவரில் படம் இருக்கட்டும், நம்ம கையில் தாளும் வாயில் கேள்வியும் இருக்கட்டும். இந்த ஏழையும் அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் தீர்மானமாக எழுதும்படி தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு உங்கள் குழுக்களில் முதலில் பேசி ஆதரவு தர வேண்டும் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.